ஆட்டுக் கதையின் ஐந்து வரிகள்

ஜோயல்,

இதை ஆறு வரியில் முடித்துவிடலாம் என்றுதான் உட்கார்ந்தேன். முடியவில்லை. எரிச்சலாக இருக்கிறது. ஊரார் பிள்ளைகளுக்கெல்லாம் ‘ஆறு வரிக்கு மேல் போகாதே’ என்று சொல்லிக்கொடுத்தவன் நான். பெற்ற மகனுக்கு எழுத ஆரம்பித்தால் தாள் போதவில்லை. நீளமாகத்தான் இருக்கும். முழுக்கப் படி. இன்னொன்றையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: இது உனக்கு மட்டும் எழுதுகிற கடிதம் இல்லை. சனிக்கிழமை வகுப்புக்கு நம் வீட்டுக்குப் பிள்ளைகளை அனுப்புகிற குடும்பங்கள் எல்லாவற்றுக்கும் இதே கடிதத்தை அனுப்பப் போகிறேன். பள்ளிக்கூடம் வேண்டாம், வீட்டிலேயே படிக்கட்டும் என்று முடிவெடுத்தவர்கள் அவர்கள். அந்த முடிவுக்காக மாமியாரிடமிருந்து மளிகைக்கடைக்காரர் வரை எல்லோரிடமும் திட்டு வாங்குகிறவர்கள். அவர்கள் என்னை நம்பினார்கள். நான் உன்னை நம்பினேன். என்ன நடந்தது என்று அவர்களுக்கும் தெரிய வேண்டும்.

போன ஞாயிற்றுக்கிழமை நீ பெட்டியைத் தூக்கிக்கொண்டு காட்டாங்குளத்தூர் ஹாஸ்டலுக்குக் கிளம்பினாய். முடிச்சூரிலிருந்து தினமும் போய்வரக்கூடிய தூரத்தில் இருக்கிற காலேஜுக்கு எதற்கு ஹாஸ்டல் என்று நான் கேட்டபோது, ‘கூட நாலு பேரோட இருந்து பாக்கணும்பா’ என்றாய். சரி என்றேன். ஆனால் உன்னைக் கொண்டுபோய் விட நான் வரவில்லை. மொட்டை மாடியில் தண்ணீர் மோட்டாரைப் பிரித்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். மோட்டாரில் ஒரு கோளாறும் இல்லை. நீ மாடிக் கதவு வரை வந்து, ‘அப்பா, போயிட்டு வரேன்’ என்றாய். ‘ம்’ என்றேன். திட்டுவேன் என்று எதிர்பார்த்துக் கொஞ்ச நேரம் நின்றாய். திட்டவில்லை. பிறகு அம்மாவோடு படி இறங்கிப் போகிற சத்தம் கேட்டது. அன்றைக்குச் சொல்லாத திட்டைத்தான் இப்போது எழுதுகிறேன்.

சுருக்கம் சுருக்கம் என்று நான் ஏன் உயிரை எடுத்தேன் என்பதை உனக்கு ஒழுங்காகச் சொன்னதில்லை. நான் லிஃப்ட் பராமரிப்பு வேலையில் இருப்பவன். நீ பிறந்தபோது எனக்கு இருபத்து மூன்று வயது; டிப்ளமோ முடித்துவிட்டு லிஃப்ட் குழிக்குள் இறங்கி கிரீஸ் அப்பிக்கொண்டிருந்தேன். அப்புறம் பகுதிநேரத்தில் பி.இ. முடித்து, மெக்கானிக்குகள் எழுதிக் கொடுக்கிற ரிப்போர்ட்டைப் படித்துக் கையெழுத்துப் போடுகிற இடத்துக்கு வந்தேன். வந்த புதிதில் பல்லாவரம் பக்கம் ஒரு அடுக்குமாடியிலிருந்து ஒரு ரிப்போர்ட். பையன் இரண்டு பக்கம் எழுதியிருந்தான். வாட்ச்மேன் சாவி கொடுக்கத் தாமதித்தது, நடுவில் மழை வந்தது, டீ குடித்தது எல்லாம் இருந்தது. பிரேக் லைனிங் தேய்ந்துவிட்டது என்ற செய்தி இரண்டாம் பக்கத்தின் அடியில், ஒரு வாக்கியத்தின் பாதியில் இருந்தது. நான் முதல் பக்கத்தோடு கையெழுத்துப் போட்டுவிட்டேன். அந்த வாரமே லிஃப்ட் தளத்தில் நிற்காமல் கீழே வழுக்கியது. உள்ளே ஒரு பெண்ணும் கைக்குழந்தையும். அடி ஒன்றும் படவில்லை. ஆனால் வெளியே எடுத்த பிறகு அந்தப் பெண் படிக்கட்டில் உட்கார்ந்தவர் வெகுநேரம் எழுந்திருக்கவில்லை. முக்கியமானதைச் சொல், மற்றதை வெட்டு என்று நான் கத்துவது பிள்ளைகள் அழகாக எழுத வேண்டும் என்பதற்காக இல்லை. எனக்கு அது பிரேக்.

உன்னை வீட்டில் வைத்துப் படிக்கவைத்தது யோசித்து எடுத்த முடிவு என்று எல்லோரிடமும் சொல்லிவந்திருக்கிறேன். உண்மையில் அது அந்த டிசம்பர் வெள்ளம் எடுத்த முடிவு. உனக்கு எட்டு வயது. அடையாறு ஆற்றுத் தண்ணீர் நம் தரைத்தள வீட்டுக்குள் வந்து, உன் பள்ளிப் பையைப் பீரோவுக்கு மேலே கொண்டுபோய் வைத்தது. இரும்புலியூரில் பெரியம்மா வீட்டு மாடியில் இருந்தோம். பள்ளி திறந்த பிறகும் நீ போகமாட்டேன் என்றாய். மேகம் கறுத்தால் அம்மாவின் துப்பட்டா நுனியைப் பிடித்துக்கொண்டுவிடுவாய். கொஞ்ச நாள் வீட்டில் இருக்கட்டும் என்று ஆரம்பித்தோம். கணக்கும் அறிவியலும் நான் சொல்லிக்கொடுக்கிற வேகத்தில் நீ போனதைப் பார்த்ததும் எனக்குத் திமிர் ஏறியது. இனி பள்ளிக்கூடமே வேண்டாம் என்றேன். உன் அம்மா ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள்.

‘இவன் யார்கூடப் பேசுவான்?’

‘புத்தகத்தோட பேசட்டும்’ என்றேன். நல்ல பதில் என்று அப்போது நினைத்தேன்.

நூலகத்திலிருந்து கட்டுக்கட்டாகப் புத்தகம் எடுத்துவந்தோம். காலையில் நீ படிப்பாய். மத்தியானம் அம்மா குரோம்பேட்டை ஆஸ்பத்திரிக்கு டியூட்டிக்குக் கிளம்புவாள். நீ மேல்வீட்டு ஆன்ட்டியின் ஹாலில் உட்கார்ந்து, படித்ததற்குச் சுருக்கம் எழுதிவைக்க வேண்டும். மாலையில் நான் வந்து திருத்துவேன். அதற்கு நான் கண்டுபிடித்த முறை பெட்டி. வெள்ளைத்தாளின் நடுவில் உள்ளங்கை அகலத்துக்கு ஸ்கேல் வைத்து ஒரு பெட்டி போடுவேன். யானைத் தண்டி புத்தகமாக இருந்தாலும் சுருக்கம் அந்தப் பெட்டிக்குள் அடங்க வேண்டும். ஒரு விஷயத்தை எடுத்துவிட்டாலும் கதை நிற்கிறதா? நின்றால் எடுத்துவிடு. அவ்வளவுதான் விதி. இன்ஜினியர் மூளைக்கு அது மிகச் சரியான விதியாகத் தெரிந்தது. நீ என்ன செய்தாய்? எதையும் எடுக்கவில்லை, எழுத்தைச் சிறிதாக்கினாய். எறும்பு ஊர்கிற மாதிரி எழுத்தில் முழுக் கதையையும் பெட்டிக்குள் திணித்துவைத்திருந்தாய். நான் சிவப்புப் பேனாவால் அடித்தேன். நீ மறுபடி எழுதினாய். மறுபடி அடித்தேன்.

‘எதைப்பா எடுக்கறது? எல்லாமே நடந்துச்சே!’ என்று ஒருநாள் அழுதாய்.

‘எல்லாமே நடந்துச்சுடா. எல்லாமே முக்கியமா?’

மூக்கைத் துடைத்துக்கொண்டே, ‘யாருக்கு முக்கியம்?’ என்றாய்.

‘வாய்க்கு வாய் பேசாதே. எழுது.’

யாருக்கு என்று நீ கேட்டது கிண்டல் என்று நினைத்தேன். அது நிஜமான கேள்வி என்று எனக்கு உறைக்க இத்தனை வருடம் ஆகியிருக்கிறது.

அப்புறம் திடீரென்று ஒருநாள் நல்ல சுருக்கம் ஒன்று வந்தது. கிணறு வெட்டுகிறவர் ஒருவரைப் பற்றிய கதை. ‘அவர் தண்ணீரைத் தேடவில்லை, உள்ளே விழுந்த தம்பியைத்தான் கடைசிவரை தேடினார்’ என்று முடித்திருந்தாய். எனக்குச் சந்தேகம். ‘யார் சொல்லிக்குடுத்தா?’ என்றேன். நீ வாசலைப் பார்த்தாய். ‘அம்மா’ என்றாய். தாளைக் கிழித்தேன். ‘அடுத்தவங்க மூளையை வாங்கி எழுதறதுக்குப் பேரு காப்பி’ என்று சொன்னேன். உன் அம்மா இப்போது இதைத்தான் பிடித்துக்கொண்டு என்னோடு சண்டை போடுகிறாள். சொல்லிவிடுகிறேன்: அன்றைக்குக் கிழித்ததற்காக நான் வெட்கப்படவில்லை. எட்டு வயதுப் பையன் வேறொருவர் சொன்ன வாக்கியத்தைத் தன்னுடையது என்று நீட்டினால் இன்றைக்கும் கிழிப்பேன். ஆனால் அதற்குப் பிறகு நீ என்ன கற்றுக்கொண்டாய் பார். காப்பி அடிக்கக் கூடாது என்று கற்றுக்கொள்ளவில்லை. அப்பாவிடம் சொல்லக் கூடாது என்று கற்றுக்கொண்டாய்.

அடுத்த வருடம் ஆட்டுக் கதை வந்தது. உப்பளத்து ஊரில் ஒரு சிறுமி, அவள் வீட்டு ஆடு. தடியான புத்தகம். நீ எழுதிய சுருக்கம் ஐந்தே வரி. எனக்கு மனப்பாடம். ‘ஆடு காணாமல் போனது. ஊரே தேடியது. ஒளித்து வைத்தது அவள்தான், ஏனென்றால் மறுநாள் அதை விற்பதாக இருந்தார்கள். கடைசியில் அவளே கொண்டுவந்து கட்டினாள். யாரும் திட்டவில்லை, அதுதான் அவளுக்குத் தாங்கவில்லை.’

‘நீயே எழுதினதா?’ என்று கேட்டேன். ‘ஆமாப்பா’ என்றாய். என் கண்ணைப் பார்த்துச் சொன்னாய்.

அந்தக் கடைசி வரியைப் படித்துவிட்டு நான் ஆபீஸில் எத்தனை பேரிடம் காட்டினேன் தெரியுமா? மெக்கானிக் பையன்களைக் கூப்பிட்டு, ‘ஒன்பது வயசுப் பையன் எழுதறான் பாருங்கடா, நீங்களும் ரிப்போர்ட் எழுதறீங்களே’ என்று மானத்தை வாங்கினேன். லேமினேட் செய்து ஃபிரிட்ஜில் ஒட்டினேன். முறை வேலை செய்கிறது, பெட்டி வேலை செய்கிறது என்று நினைத்தேன். அதற்குப் பிறகு நீ கொடுத்த எல்லாச் சுருக்கமும் அதே தரத்தில் வந்தது. அந்த ஒரு அட்டையின் பலத்தில்தான் சனிக்கிழமை வகுப்பையே ஆரம்பித்தேன். வருகிறவர்களுக்கு முதலில் அதைத்தான் காட்டுவேன். நீ பக்கத்திலேயே டீ டம்ளர்களோடு நின்றுகொண்டிருப்பாய். ஒருநாள்கூட உன் முகம் மாறவில்லை.

நஸ்ரின் விஷயத்துக்கு வருகிறேன். மற்றதையெல்லாம்கூட நான் விழுங்கிவிடுவேன், இதை முடியாது. இரும்புலியூரில் பெயிண்ட் கடை வைத்திருக்கிற காதர் பாயின் மகள். பத்து வயது. நம் வகுப்புக்கு வந்தபோது பை நிறைய புத்தகத்தோடு வந்த பெண். எல்லாவற்றையும் படிப்பாள், எல்லாவற்றையும் எழுதுவாள், பெட்டியைத் தாண்டித் தாளின் ஓரமெல்லாம் எழுதி, பின்பக்கமும் திருப்பி எழுதுவாள். நான் என்ன செய்தேன்? அந்த அட்டையை அவள் முன்னால் வைத்தேன். ‘அண்ணா இதை ஒன்பது வயசுல எழுதினான். உனக்குப் பத்து’ என்றேன். ஒரு தடவை இல்லை, வாராவாரம். பிறகு அவள் புத்தகம் கொண்டுவருவது குறைந்தது. போன மாதம் காதர் பாய் என்னை ஓரமாகக் கூப்பிட்டார். நீயும் அங்கேதான் இருந்தாய்.

‘சார், தப்பா நெனச்சுக்காதீங்க. பாப்பா இப்பல்லாம் புக்கையே தொட மாட்டேங்குது. முன்னாடி சோறு துன்னும்போதுகூட படிச்சுகினு இருக்கும். கேட்டா, படிச்சா எழுதணும் அத்தா, நமக்கு அந்த அளவுக்கு மூளை இல்லேங்குது. இன்னா பேஜார் சார் இது?’

‘போகப் போக சரியாயிடும் பாய்’ என்றேன். ‘ஜோயலும் அழுதான். இப்ப பாருங்க.’ உன் தோளைத் தட்டினேன். நீ தலையைக் குனிந்துகொண்டாய். அடக்கமான பையன் என்று காதர் பாய் சொன்னார்.

நீ ஹாஸ்டலுக்குப் போவதற்கு முந்தின நாள், கடைசிச் சனிக்கிழமை. நஸ்ரின் பாதியில் எழுந்து வெளியே போய்விட்டாள். படிக்கட்டில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தாள். நீ போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தாய். நல்லது, சமாதானம் செய்கிறான் என்று நினைத்து நான் வகுப்பைத் தொடர்ந்தேன். கொஞ்ச நேரத்தில் அவள் உள்ளே வந்தாள். கண்ணெல்லாம் துடைத்து, முகம் தெளிவாக. பெற்றவர்கள் எல்லோரும் பிள்ளைகளைக் கூட்டிப்போக வந்து நிற்கிறார்கள். நேராக வந்து மேஜையில் இருந்த அட்டையை எடுத்தாள்.

‘அங்கிள், இது ஜோயல் அண்ணா எழுதலையாம். உங்க வீட்டு ஆன்ட்டிதான் சொன்னாங்களாம். அண்ணா கதையைச் சொல்லுவாங்களாம், ஆன்ட்டி திருப்பிச் சொல்லுவாங்களாம், அதை எழுதிடுவாங்களாம். எல்லாமே அப்படித்தானாம். நானும் அந்த மாதிரி பண்ணலாமா?’

அவள் கேட்டதில் ஒரு கள்ளமும் இல்லை. அனுமதி கேட்டாள், அவ்வளவுதான். காதர் பாய்தான் முதலில் சிரித்தார். ‘அப்போ அந்த அட்டைய ஆன்ட்டிக்குக் குடுத்துருங்க சார். மெடல் மாறிப் போயிருச்சு.’ எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அதைவிட மோசமாக நான் ஒருநாளும் சிரித்ததில்லை. நீ வாசலில் நின்று என்னைப் பார்த்தாய். பத்து வயதுக் குழந்தையிடம் படிக்கட்டில் சொல்ல முடிந்தது. என்னிடம் சொல்ல, ஒரே வீட்டில் ஒரே மேஜையில் சாப்பிட்டுக்கொண்டு, உனக்கு ஒருநாள்கூடக் கிடைக்கவில்லை.

எல்லோரும் போன பிறகு உன் அம்மாவிடம் கேட்டேன். அவளை உனக்குத் தெரியும். ஆபரேஷன் வார்டில் ஸ்டாஃப் நர்ஸ். யாருக்கும் பயப்படுகிற ரகம் இல்லை. சர்ச்சில் போதகர் ஒரு மணி நேரம் பிரசங்கம் செய்தால், வண்டியில் ஏறும்போது ‘மன்னிச்சுடுங்கன்னு சொன்னார்’ என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறவள். யூனிஃபார்மை இஸ்திரி போட்டுக்கொண்டே பதில் சொன்னாள்.

‘நான் ஒண்ணும் எழுதிக் குடுக்கலை. பஸ் ஸ்டாப்புக்கு என்கூட நடந்து வருவான். வளந்த பெறகு ஸ்டேஷன் வரைக்கும் வருவான். வழி முழுக்கக் கதை சொல்வான். முழுசா கேக்க எனக்கேது டைம்? வண்டி வந்துடும். இரு, நான் புரிஞ்சுக்கிட்டது சரியா பாருன்னு திருப்பிச் சொல்வேன். வார்டுல ஷிஃப்ட் மாறும்போது அதைத்தானே தினம் பண்றேன்? பேஷன்ட்டுக்கு என்ன ஆச்சு, இப்ப எப்படி இருக்கார், எதைக் கவனிக்கணும். அடுத்து வர்ற சிஸ்டருக்கு அதுக்கு மேல நேரம் கிடையாது. இவன் இல்லம்மா, அது அப்படி இல்லைன்னு திருத்துவான். கடைசியா எது நிக்குதோ அதை எழுதுவான். இதுல என்ன காப்பி?’

‘அப்ப ஏன் என்கிட்ட மறைச்சீங்க?’

‘சொன்னானே. நீங்க கிழிச்சீங்களே.’

‘அது அவனுக்கு எட்டு வயசுல!’

‘அதுக்கப்புறம் எப்ப கேட்டீங்க? எழுதினதை வாங்கிப் பாத்தீங்க. எப்படிடா எழுதினேன்னு கேட்டீங்களா?’

இஸ்திரிப் பெட்டியை அணைத்துவிட்டு டியூட்டிக்குப் போய்விட்டாள். அவள் பேச்சில் தர்க்கம் இருக்கிறது. தர்க்கத்துக்கு நான் எப்போதும் தலைவணங்குகிறவன். ஆனால் ஜோயல், தர்க்கம் வேறு, எனக்கு நீங்கள் இரண்டு பேரும் செய்தது வேறு. நீ எனக்கு வருடக்கணக்காக ரிப்போர்ட் கொடுத்தாய். சுத்தமான ரிப்போர்ட். அதில் ஒரே ஒரு விஷயத்தை மட்டும் எழுதாமல் விட்டாய். நான் அதை நம்பிக் கையெழுத்துப் போட்டு, ஊரார் பிள்ளைகளை அந்த லிஃப்டில் ஏற்றினேன். ஒரு பெண் படிக்கட்டில் உட்கார்ந்து அழுதாள். இது எனக்கு இரண்டாம் தடவை. முதல் தடவை உண்மை இரண்டாம் பக்கத்திலாவது இருந்தது.

நீ சொல்லலாம், அதனால்தானே அன்று அவளிடம் போய் உண்மையைச் சொன்னேன் என்று. சரி. அவளைப் பார்க்க உனக்குப் பொறுக்கவில்லை, சொன்னாய். அதை நான் கழித்துக்கொள்கிறேன். ஆனால் அதற்கு முன்னால் எத்தனை சனிக்கிழமை, அந்த அட்டையை நான் அவள் முன்னால் வைக்கும்போது, நீ டீ ஊற்றிக்கொண்டு நின்றாய்? ‘அப்பா, ஒரு நிமிஷம் வெளியே வாங்க’ என்று கூப்பிட எவ்வளவு நேரமாகும்? கத்தியிருப்பேன். என் குணம் அப்படி. அடுத்த வாரம் அட்டை மேஜையில் இருந்திருக்காது. என் கத்தலுக்குப் பயந்து நீ காப்பாற்றிக்கொண்டது உன்னை. விலை கொடுத்தது அவள்.

அதற்கும் அடியில் வேறொன்று இருக்கிறது. எழுதலாமா என்று யோசித்தேன், எழுதிவிடுகிறேன். சில வருடம் முன்னால் ஒருநாள் ரயில்வே காலனிப் பக்கம் ஒரு வேலையாகப் போய்விட்டு, தாம்பரம் ஸ்டேஷன் நடைமேம்பாலத்தில் வந்துகொண்டிருந்தேன். கீழே பிளாட்ஃபாரத்தில் நீயும் அம்மாவும். நீ எழுந்து நின்று, இரண்டு கையையும் வீசி எதையோ நடித்துக் காட்டுகிறாய். அம்மா வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கிறாள், இடையில் ரயில் வருகிற பக்கம் எட்டிப் பார்க்கிறாள், ‘சீக்கிரம், சீக்கிரம்’ என்று கை காட்டுகிறாள். ஏதோ அரட்டை என்று நினைத்தேன். எனக்கு நேரமாகிவிட்டது, இறங்காமல் போய்விட்டேன். அது அரட்டை இல்லை, வகுப்பு என்று இப்போது தெரிகிறது. வீட்டில் நான் நடத்தியதற்குப் பேர் பரீட்சை. அந்தப் பையனை நான் அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை. மேஜைக்கு எதிரே உட்கார்ந்து தாளை நீட்டுகிற ஒரு பையனைத்தான் எனக்குக் கொடுத்தீர்கள். நீங்கள் எழுதாமல் விட்டதில் பெரியது அதுதான்.

இந்தச் சனிக்கிழமை என்ன ஆயிற்று என்று உனக்குத் தெரிய வேண்டும். வகுப்பு நடந்தது. பெட்டி போடவில்லை. அட்டையை எடுத்து அம்மாவிடம் கொடுத்துவிட்டேன். அவள் சிரித்துக்கொண்டே வாங்கி பீரோவுக்குள் வைத்தாள், எனக்கு இன்னும் கோபம் வந்தது. நஸ்ரின் வரவில்லை. மாலையில் பெயிண்ட் வாங்குகிற சாக்கில் நானே கடைக்குப் போனேன். காதர் பாய் டப்பாவில் கலர் விட்டு, குலுக்குகிற மெஷினில் மாட்டினார். நஸ்ரின் கல்லாவுக்குப் பக்கத்தில் ஸ்டூலில். மடியில் ஒரு புத்தகம்.

‘பாப்பா, மெஷின் நிக்கறதுக்குள்ள சொல்லணும். இன்னா கதை?’ என்றார் காதர் பாய்.

அவள் ஆரம்பித்தாள். ஒரு படகுக்காரன், அவன் வீடு, அவன் அண்ணன், அண்ணன் வாங்கின வலை, வலையின் நிறம்.

‘இரு இரு. வலைய வுடு. அந்த ஆளு இன்னாத்துக்கு வூட்ட வுட்டுப் போனான்? அத்த சொல்லு மொதல்ல.’

அவள் சொன்னாள். மெஷின் தடதடத்துக்கொண்டிருந்தது. காதர் பாய் காதில் கையை வைத்துக்கொண்டு கேட்டார். ‘ஆங், புரிஞ்சிருச்சு. பயந்தாங்கொள்ளிப் பய. ஓடிட்டான். அதானே?’

‘இல்லத்தா!’ என்று ஸ்டூலிலிருந்து குதித்துவிட்டாள். ‘அவனுக்குப் பயமே இல்ல. வெட்கம்! அண்ணன் மொகத்துல முழிக்க வெட்கம். அதனாலதான் போனான்!’

மெஷின் நின்றது. அந்தப் பெண்ணிடமிருந்து அப்படி ஒரு வரியை என் சிவப்புப் பேனா ஒருநாளும் வாங்கவில்லை. காதர் பாய் தப்பாகச் சொன்னதால் அவளுக்குக் கோபம் வந்தது, கோபம் வந்ததால் எது முக்கியம் என்று தெரிந்துவிட்டது. நான் அவளை எதை எடுக்கலாம் என்று தேடவைத்தேன். கதை தெரியாத, நேரமும் இல்லாத ஒரு ஆள் எதிரில் இருந்தால், எதை விடவே முடியாது என்பது தானாக வந்துவிடுகிறது. நீ எட்டு வயதில் கேட்டாயே, யாருக்கு முக்கியம் என்று. கேட்கிறவருக்கு. நான் ஏற்கெனவே புத்தகத்தைப் புரட்டிவிட்டுத்தான் உன் தாளைத் திருத்துவேன். எனக்குச் சொல்ல உன்னிடம் ஒன்றும் மிச்சமில்லை. ஆகவே இந்தக் கடிதத்தைப் படிக்கிற பெற்றோருக்குச் சொல்லிவிடுகிறேன்: பிள்ளை படிக்கிற புத்தகத்தை நீங்கள் படிக்காதீர்கள். பஸ்ஸுக்குக் காத்திருக்கும்போது, தோசை வேகும்போது கேளுங்கள். தப்பாகத் திருப்பிச் சொல்லுங்கள். அவர்கள் திருத்திய பிறகு எழுதச் சொல்லுங்கள். இது என் முறை இல்லை. என் மனைவியின் முறை. என் மகன் என்னிடம் மறைத்துவைத்திருந்த முறை.

உனக்கு அறிவுரை சொல்ல வேண்டும் என்றால் இதுதான். நாளைக்கு நீயும் ஒரு வேலைக்குப் போவாய், ரிப்போர்ட் எழுதுவாய். அதை வாங்குகிறவன் என்னைப் போலக் கத்துகிறவனாக இருப்பான், பெரும்பாலும் அப்படித்தான் இருப்பார்கள். அவன் கத்துவான் என்பதற்காக எந்த வரியையும் விட்டுவிடாதே. அவன் கத்தட்டும். லிஃப்டில் ஏறப்போகிறவன் அவன் இல்லை. வேறு யாரோ.

நான் உன்னை மன்னித்துவிட்டேன் என்று நினைத்துக்கொள்ளாதே. அம்மாவையும் இன்னும் இல்லை. வீட்டில் சாம்பார் போதுமா, மோர் வேண்டுமா என்கிற அளவில்தான் பேச்சு. ஆனால் வருகிற ஞாயிறு அவளுக்கு டியூட்டி. நான் மட்டும் காட்டாங்குளத்தூர் வருகிறேன். ஹாஸ்டலுக்கு வரமாட்டேன், உன் அறை, உன் கட்டில் எதையும் நான் சோதனை போட வரவில்லை. பிளாட்ஃபாரத்தில் தாம்பரம் பக்கம் போகிற ரயில் நிற்கிற இடத்தில் பெஞ்சில் இருப்பேன். நீ வா. தாள் வேண்டாம், பேனா வேண்டாம். அந்த மத்தியானங்களில் என்னென்ன நடந்தது, என்னிடம் ஏன் வரவில்லை, அம்மாவிடம் என்னவெல்லாம் சொன்னாய் என்று உன் வாயால் சொல். அம்மாவின் வாக்கியம் ஒன்றுகூட வேண்டாம். நான் கேட்டுவிட்டுத் திருப்பிச் சொல்கிறேன். தப்பாகத்தான் சொல்வேன், என்னைத் தெரியுமே. நீ திருத்து.

ரயில் வருவதற்குள் முடித்துவிடப் பார். முடியாவிட்டால் அவசரப்படாதே, நான் அடுத்த ரயிலில் போய்க்கொள்கிறேன்.

அப்பா